இரண்டரை தௌ இடைவெளி

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். உள்ளே இரும்பு ஸ்டாண்டில் ஒரு மூன்று சிலிண்டர் டிராக்டர் இன்ஜின் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. சம்ப் இல்லை, ஹெட் இல்லை, பிஸ்டன் இல்லை. கிராங்க் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு அரைவட்டப் பள்ளங்கள் மட்டும் வானம் பார்த்துக் கிடந்தன. கிராங்க், கிரைண்டிங் கடைக்குப் போயிருந்தது.

டிராக்டர் மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. உரிமையாளர் அறுபது தாண்டிய விவசாயி. ஒர்க்ஷாப் வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் கவலை நாள்காட்டியைப் பற்றியது. பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கருக்கு இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். அணையில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் செப்டம்பர் வாக்கில் திறந்துவிடுவார்கள். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரம் டிராக்டர் புதூரில் பிரிந்து கிடந்தால், அடுத்தவர் வண்டியை மணிக்கணக்குக்கு வாடகை பேசித்தான் தொழியடிக்க வேண்டும்.

இன்ஜின் வேலை என்றால் எல்லோரும் ரீபோர் பற்றிப் பேசுவார்கள், பிஸ்டன் பற்றிப் பேசுவார்கள். நான் பார்க்க வந்தது வேறு: கிரைண்டிங் முடிந்து வரும் கிராங்க் புதுப் பேரிங்கோடு பொருந்துகிறதா என்று அளந்து பார்க்கும் அந்த ஒரு கட்டம். பல இடங்களில் அந்தக் கட்டமே நடப்பதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மெக்கானிக் அளக்காமல் பூட்ட மாட்டார் என்று சொன்னார்கள்.

“முதல்ல பழைய பேரிங்கைப் பாருங்க சார். வண்டி என்ன கஷ்டப்பட்டுச்சுன்னு அதுவே சொல்லும்” என்று ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார். அரைவட்டத் தகடுகள். பின்பக்கம் எஃகு, உள்பக்கம் செம்பும் ஈயமும் கலந்த பூச்சு, அதற்கும் மேலே ஏறத்தாழ ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் ஈயம்-வெள்ளீய மென்பூச்சு. புதிதில் சாம்பல் நிறமாக இருக்கும். இந்தத் தகடுகளில் கனெக்டிங் ராடின் மேல்பாதியில் சாம்பல் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. எரிந்த வாயு பிஸ்டனை அடித்து இறக்கும் பளுவை வாங்குவது மேல்பாதிதான். மெயின் பேரிங்கில் நேர்மாறு, கீழ்பாதி தேயும். மூன்றாம் ராடின் தகட்டில் நடுவில் சுற்றுவாக்கில் ஆழமான கோடுகள் இருந்தன. நகத்தை ஓட்டினால் தட்டியது. மண்துகள் ஆயிலோடு போய் மாட்டியதன் அடையாளம் அது. காய்ந்த வயலில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது எழும் புழுதியை ஏர் கிளீனர் பிடிக்க வேண்டும். ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று மெக்கானிக் கேட்டார். பெரியவர் கேள்வியைக் காதில் வாங்காததுபோல் சாலையைப் பார்த்தார்.

வண்டியின் புகார் எளிமையானது. காலையில் ஆயில் கேஜ் முள் நன்றாக ஏறும். ஒரு மணி நேரம் உழுதபின் ஐடிலில் விட்டால் கீழே படுத்துவிடும். கூடவே அடியிலிருந்து ஒரு தட்டல். இடையில் ஒருவர் ஆயில் பம்பை மாற்றச் சொல்லியிருக்கிறார், மாற்றியும் இருக்கிறார். பலன் இல்லை. பம்ப் ஊற்றியதையெல்லாம் தேய்ந்த பேரிங் வழிய விட்டுக்கொண்டிருந்தால் புதுப் பம்ப் என்ன செய்யும்?

பத்தரை மணிக்கு லோடு ஆட்டோவில் கிராங்க் வந்தது. சாக்கு சுற்றி, மேலே எண்ணெய் பூசி, ஆனால் திறந்த வண்டியில், வெயிலில். தூக்கி இறக்கியபோது தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. உதவியாளர் தம்பி உடனே மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறக்கப் போனார். “இருடா, பைய. அது ஆறட்டும்” என்று மெக்கானிக் தடுத்தார். கிராங்கை பிளாக்குக்குப் பக்கத்தில் நிழலில் மரக்கட்டைகள் மேல் கிடத்திவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

அளவு கருவிகளுக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. மதுரையில் மார்கழி விடியலில்கூட அது அரிது. அதனால் இங்கே முக்கியம் எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதுதான். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11 முதல் 12 மைக்ரான் நீளும். இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடு பூட்டும் கிராங்க் பின்னின் விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். நிழலில் இருக்கும் பிளாக்கைவிடக் கிராங்க் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் பின் 0.013 மில்லிமீட்டர் பெருத்துக் காட்டும். அரை தௌ. ஒரு தௌ என்பது 0.0254 மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் மூன்று தௌ. நாம் தேடப்போகும் இடைவெளியே இரண்டரை தௌதான் எனும்போது, அதில் அரை தௌவை வெயிலுக்குத் தாரை வார்க்க முடியாது.

டீ வந்தது. அந்த இடைவேளையில் மெக்கானிக் தன் தொழில் வழியைச் சொன்னார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். மதுரைக்கும் மோட்டார் தொழிலுக்குமான உறவு நூற்றாண்டைத் தாண்டியது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் நிறுவனத்தை இந்த ஊரில் தொடங்கியது 1911-இல். அந்தக் குடும்பத்தின் பேருந்துகள் 1972-இல் அரசுடைமையானபோதுதான் பாண்டியன் கழகம் பிறந்தது. பேருந்துப் பணிமனையில் ஒரு பழக்கம் உண்டு, எதையும் எழுதி வைப்பார்கள். இந்த மெக்கானிக்கிடமும் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு பக்கம்.

கிராங்க் ஆறியபின்னும் அளவு தொடங்கவில்லை. முதலில் சுத்தம். கிராங்கின் உடம்புக்குள், மெயின் பேரிங்கில் உட்காரும் மெயின் ஜர்னலிலிருந்து ராடு பூட்டும் பின்னுக்கு ஆயில் போகும் சாய்வான துளைகள் உண்டு. அவற்றுக்குள் கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்தார் தம்பி. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறச் சேறு வந்தது. கிரைண்டிங் கல்லின் பொடியும் எஃகுத் தூளும் சேர்ந்த கலவை. இதை எடுக்காமல் பூட்டினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்திலேயே ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் புதுப் பேரிங்கில் அப்பிவிடும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை தம்பியை விடவில்லை.

பிறகு கண்ணால் பார்ப்பது. பின் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலையில் ஒரு சிறிய வளைவு இருக்க வேண்டும். கிரைண்டிங் கல்லின் ஓரத்தைச் சரியாகத் தீட்டாமல் விட்டால் அங்கே கூர்மையான மூலை விழும். கிராங்க் உடைகிறபோது பெரும்பாலும் அந்த மூலையில்தான் விரிசல் தொடங்கும். அதற்காக வளைவை அளவுக்கு மீறி விட்டாலும் ஆகாது, பேரிங்கின் ஓரம் அதன் மேல் ஏறி உரசும். ஆயில் துளையின் வாய் மழுங்கலாக இருக்கிறதா என்று விரலால் தடவினார். இங்கே எல்லாம் சரி. விரிசல் பார்க்க கிரைண்டிங் கடையிலேயே காந்தப் பொடி சோதனை செய்திருந்தார்கள். சில வகைக் கிராங்குகளுக்கு மேற்பரப்பில் நைட்ரைடிங் செய்து கடினமாக்கியிருப்பார்கள், அந்தத் தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கிரைண்ட் செய்தால் போய்விடும், மறுபடி செய்ய வேண்டும் என்று போகிறபோக்கில் சொன்னார். அதை யோசிக்காமல் அரைத்துப் பூட்டிய கிராங்குகள் எத்தனை ஓடிக்கொண்டிருக்கின்றனவோ.

மைக்ரோமீட்டர் வந்தது. முதலில் அதையே சோதித்தார். பெட்டிக்குள் இருந்த இரண்டு அங்குல அளவுகோல் துண்டைக் கவ்வவைத்து பூச்சியம் பார்த்தார். பிறகுதான் கிராங்க். ஒரு பின்னுக்கு ஓர் அளவு என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பின்னிலும் முன் ஓரம், பின் ஓரம் என்று இரண்டு இடம். ஒவ்வோர் இடத்திலும் மேல்-கீழ், பக்கவாட்டு என்று இரண்டு திசை. திசைக்குத் திசை வித்தியாசம் வந்தால் பின் முட்டை வடிவாகிவிட்டது. ஓரத்துக்கு ஓரம் வந்தால் கூம்பாகிவிட்டது. அவர் சொல்லச் சொல்லத் தம்பி நோட்டில் எழுதினார். புதுக் கிராங்கில் பின் 2.249 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 20 தௌ குறைத்து அரைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆக 2.229-ஐ ஒட்டி வர வேண்டும்.

முதல் பின் 2.2288. இரண்டாவது 2.2286. மூன்றாவது 2.2265.

மெக்கானிக் மூன்றாவதை மறுபடி அளந்தார். மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை. வட்டமாக இருந்தது, கூம்பும் இல்லை, பளபளப்பும் குறைவில்லை. ஆனால் மற்ற இரண்டைவிட இரண்டு தௌவுக்கு மேல் மெலிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டார்.

பின்னின் விட்டம் பாதிக் கணக்கு. மீதிப் பாதி பேரிங்கின் உள்விட்டம். அதை வெறுந்தகட்டில் அளக்க முடியாது. ராடில் உட்கார்த்தி, மூடியைப் போட்டு, போல்ட்டை டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கினால்தான் உண்மையான வட்டம் உருவாகும். சிம்மக்கல் பக்கம் வாங்கி வந்த பேரிங் பெட்டியைப் பிரித்தார்கள். கோவையில் ஆலை கொண்ட பைமெட்டல் பேரிங்ஸ் தயாரிப்பு. 1961-இல் தொடங்கிய கம்பெனி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. இந்த டிராக்டரைச் செய்த டாஃபே அதே குழுமம். இன்ஜினைச் செய்த சிம்சன் அதே குழுமம். புதுப் பிஸ்டன் பெட்டியில் இருந்த இந்தியா பிஸ்டன்ஸ் என்ற பெயரும் அதே குழுமம். ஒரே வீட்டுப் பொருள்கள்தான் எல்லாம். ஆனாலும் இவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டுத் தருவதில்லை. கிரைண்டிங் கடைக்காரர் பின்னை அளப்பார். ஸ்பேர் கடைக்காரர் பெட்டியின் எண்ணைப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்து வைத்து நடுவில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது யாருடைய பில்லிலும் வராத வேலை. அதனால்தான் அது விட்டுப்போகிறது.

ராடின் மூடியைக் கழற்றும்போதே அதன் பக்கத்தில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினார். ஒன்றின் மூடியை ஒன்றுக்கே போட வேண்டும், திருப்பியும் போடக்கூடாது. மூடியோடு சேர்த்துத்தான் ஆலையில் துளை போட்டிருக்கிறார்கள். இருக்கையையும் தகட்டின் முதுகையும் காய்ந்த துணியால் துடைத்தார். அங்கே எண்ணெய்கூடக் கூடாது. தகடு உட்கார்ந்தபின் அதன் இரு முனைகளும் இருக்கையின் விளிம்புக்கு மேலே மிகச் சிறிதளவு துருத்திக்கொண்டிருந்தன. “இதைப் பாத்துட்டு நீளம் ஜாஸ்தின்னு அரம் போடுறவங்க இருக்காங்க சார்” என்றார். அந்தத் துருத்தல் வேண்டுமென்றே வைத்தது. மூடியை இறுக்கும்போது இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று நெருக்கி, முதுகு இருக்கையோடு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் தகடு சுழலாது, சூடும் ராடுக்குள் இறங்கிப் போகும். ஓரத்தில் உள்ள சின்ன நாக்கு இடம் காட்டத்தானே தவிர, தகட்டைப் பிடித்து நிறுத்துவதற்கு அல்ல.

முறுக்கியபின் போர் கேஜை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் சாய்த்து, முள் திரும்பும் இடத்தைப் பிடித்தார். மூன்று ராடுகளும் 2.2312. ராடுகள் வளையவில்லை, துளைகள் வட்டமாக இருக்கின்றன, தகடுகள் சரியான அளவு. கழித்தல் கணக்கைத் தம்பியே போட்டார்: 2.4 தௌ, 2.6 தௌ, 4.7 தௌ.

விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இரண்டேகால் அங்குலத்துக்கு இரண்டேகால், டீசல் என்பதால் கொஞ்சம் கூடலாம். முதல் இரண்டும் அதற்குள். மூன்றாவது இரட்டிப்பு.

பெரியவர் எழுந்து வந்தார். “என்ன தம்பி, புதுசாத்தானே கடைஞ்சிருக்கு?” மெக்கானிக் பதில் சொல்வதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தார். மெயின் பேரிங்குகளை முன்பே அளந்து சரியென்று வைத்திருந்ததால், கிராங்கை பிளாக்கில் கிடத்தி மூடிகளை இறுக்கினார். மூன்று பின்களிலும் பிஸ்டன் இல்லாத ராடுகளை எண்ணெய் தடவிப் பூட்டினார். “ஐயா, நீங்களே ஆட்டிப் பாருங்க. எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க.”

பெரியவர் ஒவ்வொரு ராடாகத் தூக்கி விட்டார். முதல் இரண்டும் கனமாக, எண்ணெயின் இழுப்போடு மெதுவாக இறங்கின. மூன்றாவது தங்குதடையின்றி விழுந்தது. “இதுதான் வழுக்கிட்டுப் போகுது. இதுல என்ன குறை?” என்றார்.

கையால் சுற்றிப் பார்த்து ஓகே சொல்லும் பழக்கம் எல்லா ஒர்க்ஷாப்பிலும் உண்டு. இறுக்கமான பேரிங்கை அது கண்டுபிடித்துவிடும். தளர்ந்த பேரிங்கையோ பாராட்டி அனுப்பிவிடும். கைக்கு மிகச் சுகமாகத் தெரிவது மிக மோசமானதாக இருக்கலாம். நானும் மூன்றையும் ஆட்டிப் பார்த்தேன். எண் தெரியாமல் இருந்தால் நானும் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

இரண்டு தௌ கூடினால் அப்படி என்ன கெட்டுவிடும்? 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளில் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலும்போது எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் துளை வழியாக வெளியே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளியது. பிறகு அழுத்தமானி வைத்துப் பார்த்தால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போயிற்று. அச்சு உலோகத்தின் மேல் உட்காரவில்லை, தானே சுழன்று உருவாக்கிக்கொண்ட எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். இன்றைக்கும் எல்லா இன்ஜின் பேரிங்கும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

அந்தப் படலம் நிற்பதற்கு இடைவெளி வேண்டும். மிகக் குறைந்தால் எண்ணெய் நுழையாது, சூடேறிப் பேரிங் பிடித்துக்கொள்ளும். கூடினால் எண்ணெய் ஓரங்களில் ஓடிவிடும். அந்த ஓட்டம் இடைவெளியோடு நேராகக் கூடுவதில்லை, அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 2.4 தௌ 4.7 ஆனால் கசிவு ஏழெட்டு மடங்கு. மூன்றாவது பின் குடிக்கும் எண்ணெயால் கேஜின் முள் இறங்கும், மற்ற பேரிங்குகளும் பட்டினி கிடக்கும். போதாததற்கு, ஒவ்வொரு வெடிப்புக்கும் ராடு அந்தக் கூடுதல் தூரத்தைத் தாண்டி வந்து அடிக்கும். பெரியவர் கேட்ட தட்டல் சத்தம் அதுதான். ஏறக்குறைய பழைய நோயையே புதுப் பேரிங் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

நம்பிக்கைக்கு இன்னொரு சோதனையும் நடந்தது. தம்பி ஒரு சின்ன உறையிலிருந்து பச்சை நிற மெழுகு இழை ஒன்றை எடுத்தார். பிளாஸ்டிகேஜ். பின்னை எண்ணெய் இல்லாமல் துடைத்து, அதன் மேல் நீளவாக்கில் இழையை வைத்து, மூடியை முழு அளவுக்கு இறுக்கி, கிராங்கை இம்மியும் அசைக்காமல் மறுபடி கழற்ற வேண்டும். நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட பட்டையோடு ஒப்பிட வேண்டும். அகலம் கூடினால் இடைவெளி குறைவு. பச்சை இழை ஒன்று முதல் மூன்று தௌ வரை காட்டும். முதல் இரண்டு பின்களிலும் இழை பட்டையாக நசுங்கி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பொருந்தியது. மூன்றாவதில் அளவுகோலின் எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாமல் ஒல்லியாகவே கிடந்தது. ஸ்பேர் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லையாம். கிடைத்தபோது வாங்கி, வெயிலில் இளகாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். முந்தைய தலைமுறை ஈயக் கம்பியை நசுக்கிப் பார்த்தது.

கிரைண்டிங் கடைக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் மறுக்கவில்லை. மூன்றாவது பின்னில் கோடு ஆழமாக இருந்ததாம். 20 தௌவில் நிறுத்தினால் தழும்பு தெரிந்தது, அது போகும்வரை கல்லை விட்டிருக்கிறார். “மார்க் இருந்தா ஏன் விட்டன்னு கேப்பீங்கண்ணே, அதான்.” வேலையின் பார்வையில் அது அக்கறைதான். தழும்போடு விட்டால் வாடிக்கையாளர் திட்டுவார், இரண்டு தௌ கூட எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் இந்தத் தொழிலில் மரியாதை என்றால் அவர் மேல் மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

பெரியவருக்குத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்துக் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வைத்தியம் சொன்னார்: மூடியின் வாயில் கொஞ்சம் அரம் போட்டால் இறங்கி உட்கார்ந்துவிடும், அல்லது தகட்டின் முதுகில் சிகரெட் பெட்டித் தாளை வைக்கலாம். வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிச் சுரண்டிப் பொருத்திய காலத்தில் மூடிக்கடியில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். தேயத் தேய ஒவ்வொன்றாக உருவினால் போதும். அந்த நினைவின் மிச்சம்தான் இந்த வைத்தியம். இப்போதுள்ள மெல்லிய தகட்டுப் பேரிங்குக்கு அது விஷம். அரம் போட்டால் மேல்-கீழ் குறையும், பக்கவாட்டு அப்படியே இருக்கும், வட்டம் முட்டையாகும். தாள் வைத்தால் சூடு இறங்காது, தகடும் நிலைகொள்ளாது. மெக்கானிக் சிரித்துக்கொண்டே, “அண்ணே, ஒரு மாசம் ஓடும். அப்புறம் கிராங்கு, ராடு ரெண்டையும் தூக்கிப் போடணும். அம்புட்டுத்தான்” என்றார். வந்தவர் போய்விட்டார்.

வழி ஒன்றுதான். மெயின் ஜர்னல்கள் 20-இலேயே இருக்கலாம். மூன்று பின்களையும் சேர்த்து 30-க்கு இறக்கி, ராடுகளுக்கு மட்டும் 30 தௌ பேரிங் புதிதாக வாங்க வேண்டும். ஒரு பின்னை மட்டும் இறக்கினால் பேரிங்கை செட் உடைத்து வாங்க வேண்டியிருக்கும், பிறகு திறப்பவரும் குழம்புவார். பெரியவர் முகம் சுருங்கியது. செலவு ஒரு பக்கம். கிராங்கின் ஆயுளில் ஒரு படி போவது இன்னொரு பக்கம். 10, 20, 30 என்று படிப்படியாக இறங்கும் இந்தக் கணக்கு பல இன்ஜின்களுக்கு 30-இல், சிலவற்றுக்கு 40-இல் முடிந்துவிடும். அதற்குமேல் பேரிங் கிடையாது. பேச்சுவார்த்தையில் கிரைண்டிங் கடைக்காரர் இரண்டாம் முறை கூலி வேண்டாம் என்றார். எண்ணெய் பட்ட பேரிங்கை ஸ்பேர் கடை திரும்ப எடுக்காது என்பதால் அந்தச் செலவில் பாதியை மெக்கானிக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கிராங்க் அதே லோடு ஆட்டோவில் ஏறியது. இந்த முறை மேலே தார்ப்பாய்.

மறுநாள் மதியம் நான் போனபோது கிராங்க் வந்து ஆறிக் கிடந்தது. எதையும் குறுக்கவில்லை. துளைச் சுத்தம், மூலை வளைவு, மைக்ரோமீட்டர், போர் கேஜ், எல்லாம் முதலிலிருந்து. கழித்தால் 2.5, 2.6, 2.4. மூன்று ராடுகளும் ஒரே மாதிரி தயங்கி இறங்கின. இந்த முறை பெரியவர் ஆட்டிப் பார்க்கவில்லை. நோட்டில் எழுதிய எண்களை மட்டும் குனிந்து பார்த்தார்.

கடைசியாக நீளவாட்டு ஆட்டம். மெயின் பேரிங் ஒன்றின் இருபுறமும் அரைநிலா வடிவ வாஷர்கள் உட்கார்ந்து, கிராங்க் முன்னும் பின்னும் ஓடாமல் தடுக்கும். டயல் கேஜை கிராங்கின் முனையில் நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒரு பக்கம் தள்ளினார், பிறகு மறுபக்கம். முள் எட்டு தௌ, அதாவது 0.2 மில்லிமீட்டர் காட்டியது. போதுமானது. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும், அந்த உதையை வாங்குவது இந்த வாஷர்கள்தான். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுபவர் வண்டியில் இவை சீக்கிரம் போகும். “நான் வைக்க மாட்டேன், எம் மகன்தான்” என்றார் பெரியவர், யாரும் கேட்காமலே.

தம்பி இதற்குள் எண்ணெய்க் குடுவையைத் தூக்கிவிட்டார். பேரிங்கின் முகத்திலும் பின்னிலும் தாராளமாகத் தடவி, போல்ட்டுகளை இரண்டு தவணையாக இறுக்கினார்கள். ஒவ்வொரு மூடி இறுகியதும் கிராங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார் மெக்கானிக். எங்காவது பிடித்தால் அப்போது இறுக்கிய மூடியில்தான் குற்றம் என்று தெரிந்துவிடும். எல்லாம் முடிந்தபின், கிராங்கின் பக்கச்சுவரில் கிரைண்டிங் கடைக்காரர் குத்தியிருந்த பழைய 20-ஐ அடித்துவிட்டு, மெயினுக்கு 20 என்றும் ராடுக்கு 30 என்றும் தனித்தனியாக எண் குத்தினார். நோட்டிலும் அதே எண்கள், கீழே தேதி.

ஸ்டார்ட் செய்யும்முன் ஆயில் வழியில் எண்ணெய் நிரப்புவது, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து கேஜ் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுவது, முதல் 50 மணி நேரம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது, அதுவரை ரொட்டவேட்டரில் முழு ஆழம் விடாமல் இருப்பது என்று பெரியவருக்குச் சொல்லிக்கொண்டே போனார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தவர் கடைசியில் தன் கேள்விக்கு வந்தார்.

“அப்ப நாளைக்கு எடுத்துட்டுப் போயிரலாமா தம்பி?”

“வால்வு சீட் போடக் குடுத்த ஹெட்டு இன்னும் வரலையேய்யா.”